சந்தனம் வைக்காத துப்பாக்கி

எங்கள் கடையின் பின்கட்டில், எண்ணெய்த் துணிகள் தொங்கும் கம்பிக்கு மேலே ஓர் அட்டை மாட்டியிருக்கிறது. "துடைக்காதே. முதலில் எழுது." என் கையெழுத்துதான். ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் நானே எழுதி, நானே ஆணி அடித்து மாட்டினேன். இப்போது என் மேசையில் உட்கார்ந்திருக்கும் நித்யா போன வாரம் போன் செய்தாள். "அக்கா, இது இன்னாக்கா உல்டாவா கீது? எல்லாக் கடையிலயும் தொடைச்சிட்டுதானே எழுதுவாங்க?" என்றாள். "இதைக் கேக்க உனக்கு இவ்ளோ நாள் ஆச்சாடி?" என்று கடிந்துகொண்டு, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் சகுந்தலா. ராயப்பேட்டையில் பிறந்து ராயப்பேட்டையிலேயே குடித்தனம் செய்பவள். மவுண்ட் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் நாற்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். சேர்ந்தது டைப் அடிக்க. பழுது பார்க்கும் முனுசாமிக்குக் கண் மங்கியதும் சின்னத் திருகுகளைக் கழற்ற ஆள் இல்லை. திருப்புளி என் கைக்கு வந்தது. "இன்னாமே, டைப்பு அடிக்க வந்துகினு பூட்டைக் கயட்டுற? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் கேட்டா இன்னா சொல்லுவே?" என்று முனுசாமி கேலி செய்வார். "குறி தப்பாதுன்னு சொல்லுவேன் நைனா" என்பேன். பார்க்க வந்தவர் அதைக் கேட்கவே இல்லை, பாவம்.

துப்பாக்கிக் கடை என்றதும் ஆளாளுக்கு ஒரு கற்பனை. இத்தனை வருஷத்தில் நான் சுட்டது மொத்தம் ஐந்து தோட்டா. அதற்கே இரண்டு நாள் காது அடைத்துப்போனது. என் வேலை வேறு. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கிகளை வாரிசுகள் சும்மா வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்னால் யாராவது போய்ப் பார்த்து, இது இன்னது, இந்த ஊரில் செய்தது, இந்த நிலையில் இருக்கிறது, இவ்வளவு பெறும் என்று எழுதித் தர வேண்டும். அந்த யாராவது நான்தான். அதனால் நான் போன வீடுகளிலெல்லாம் சுவரில் புதுசாக ஒரு போட்டோ இருக்கும், மாலை இன்னும் வாடியிருக்காது. அந்த மாலை வாசனையும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும் இன்றைக்கும் எனக்கு ஒன்றாகத்தான் ஞாபகம் வரும்.

தொழில் கற்றுக்கொடுத்தவர் ஆரோக்கியசாமி சார். கடையின் தலைமை மதிப்பீட்டாளர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை டிரில் பேண்ட். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு கையையும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவார். பிறகு திறப்பார், உள்ளே பார்ப்பார், பார்த்தது போதாதென்று சுண்டுவிரலை விட்டுத் தடவுவார். கடைசியில் குழல் வாயில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எவ்வளவு நாள் முன்னால் சுட்டது என்று வாசனையை வைத்தே சொல்வார். கடைக்குள் யாரும் ஆட்காட்டி விரலை நீட்டி எதையும் காட்டக் கூடாது. "அந்த விரலுக்கு இந்தக் கடையில ஒரே வேலைதாம்மா. சும்மா இருக்கிற வேலை" என்பார்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி வந்தால் மூங்கில் குச்சியை எடுப்பார். குச்சியைக் குழலுக்குள் கடைசி வரை விட்டு, வாய்க்கு நேரே நகத்தால் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழலின் மேலேயே வைத்துப் பார்ப்பார். உள்ளே காலி என்றால் குச்சியின் நுனி குழலின் அடிவரைக்கும் வரும். நாலு விரற்கடை குறைந்தால் யாரோ எப்போதோ கெட்டித்த மருந்தும் ஈயமும் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். "உள்ள ஒருத்தன் தூங்குறான்" என்று மெதுவாகச் சொல்வார். சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார்.

அவர் கடையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் பேனாவைத் தொட வேண்டும். "அழுக்கோட ஒரு துப்பாக்கியப் பத்தி ஒரு வார்த்தை எழுதக் கூடாதும்மா. பொணத்தைக் குளிப்பாட்டாம யாராவது வெளிய எடுக்கிறாங்களா?" என்பார். சுத்தம் செய்வது என் வேலை. செய்த வேலையை அன்றன்றைக்குப் பட்டறைச் சீட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவதும் என் வேலை. துப்பாக்கியின் சுடும் பொறிக்குப் பூட்டு என்று பெயர். அதைக் கழற்றினால் உள்பக்கம் ஊசியால் 'ச' என்று ஒரு சின்ன எழுத்துக் கீறி வைப்பேன், அடுத்த முறை வந்தால் தெரிய வேண்டுமே.

சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஓர் இன்ஸ்பெக்டர் கோணியில் சுற்றி ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் அது வெடித்துப் பதினாறு வயதுப் பையன் இறந்துவிட்டான். அறையில் அவனோடு இருந்தது பதினொரு வயதுத் தம்பி மட்டும். இதை ஆய்வுக் கூடத்துக்கு அனுப்புவதுதான் முறை. ஆனால் விபத்து என்று முடிக்கப் போகிற கேஸ், சீக்கிரம் ஒரு அபிப்பிராயம் எழுதிக் கொடுங்கள் என்று சாரிடம் வந்துவிட்டார்கள்.

இந்தத் துப்பாக்கியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தோட்டாவின் பின்னால் தட்டி வெடிக்க வைக்கும் பாகத்துக்குக் குதிரை என்று பெயர். பழைய இரட்டைக் குழலில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, வெளியில் தெரியும்படி நிற்கும். கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால், பூட்டுக்குள் ஒரு பள்ளத்தில் சின்னப் பல் ஒன்று போய் உட்கார்ந்து குதிரையை அப்படியே நிறுத்தி வைக்கும். விசையை இழுத்தால் பல் விலகும், குதிரை விழும். அவ்வளவுதான் விஷயம்.

இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே வழக்கப்படி பின்கட்டுக்கு எடுத்துப்போய்ப் பூட்டுகளைக் கழற்றினேன். வலது சுத்தமாக இருந்தது. இடது பூட்டின் பள்ளத்தில் காய்ந்த சேறு, நடுவே கோரைப் புல்லின் துணுக்கு ஒன்று. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். எண்ணெய் போட்டேன். இடது குதிரையை இழுத்துப் பார்க்க எனக்கு இரண்டு கட்டைவிரலும் தேவைப்பட்டன, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு. மாட்டி, சாரிடம் கொடுத்துவிட்டு, சீட்டு எழுதினேன்.

சார் இரண்டு குதிரையையும் நிறுத்தினார். மரச் சுத்தியலால் கட்டையில் பத்துத் தட்டு தட்டினார். மடித்த கோணிமேல் அடிக்கட்டையை நாலைந்து முறை இறக்கினார். விழவில்லை. "பூட்டுகள் சீராக உள்ளன. விசையை இழுக்காமல் குதிரை விழாது" என்று இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நான் கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அப்ப அந்தச் சின்னப் பையன்தான் சார். தொடல தொடலன்னு அழுவுறான். சரி, கொழந்த, பயத்துல பொய் சொல்லுது" என்றார்.

நான் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். அன்றைக்கு எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

நாற்பது வருஷம் போனது. சார் போய்ச் சேர்ந்தார், நான் அவர் மேசைக்கு வந்தேன். எவ்வளவோ வீடு, எவ்வளவோ துப்பாக்கி. ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கடைக்கு வந்தார். பெயர் பாஸ்கரன். அப்பா காட்டிலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், போன மாதம் தவறிவிட்டார், வீட்டில் ஏழு துப்பாக்கிகள் இருக்கின்றன, வந்து மதிப்பு போட்டுத் தர வேண்டும் என்றார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது கவனித்தேன். பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்திருந்தார். ஆட்காட்டி விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. ஏதோ அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன்.

வீடு மயிலாப்பூரில், லஸ்ஸிலிருந்து உள்ளே போகும் தெருவில். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்திருந்ததால் ஆட்டோக்காரர் முனையிலேயே இறக்கிவிட்டார். கூடத்தில் நாற்காலியில் எண்பதை நெருங்கும் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேலைக்காரப் பெண் செல்வி. இரண்டடி தள்ளிப் பாஸ்கரன் நின்றுகொண்டிருந்தார்.

"செல்வி, அந்த ரூம் சாவிய அவன்கிட்ட கேளு" என்றார் அம்மா.

செல்வி திரும்பி, "சாவியாம் சார்" என்றாள். பாஸ்கரன் சாவியை எடுத்துச் செல்வியிடம் கொடுத்தார். செல்வி என்னிடம் கொடுத்தாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, ஏதோ அம்மா பிள்ளைச் சண்டை என்று. நடையில் செல்வி என் காதோடு சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாலு வருசமா வேல செய்றேன்கா. அந்தம்மா அவரு பேர சொல்லி ஒருதபா கேட்டதில்ல. அல்லாம் என் வாய் வழியாத்தான். முன்ன இருந்த ஆயாவும் இதையேதான் சொல்லிச்சு. நான் பெரும்பாக்கத்துலேர்ந்து பஸ்ஸு கெடைக்காம லேட்டா வந்தா, ரெண்டு பேரும் அப்டியே கொட்டக் கொட்ட ஒக்காந்துகினு இருப்பாங்க. இன்னொண்ணு, அந்த ரூமு மொனவுதுக்கா."

"முனகுதா?"

"நீயே கேளு."

கதவைத் திறந்தேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. எதிர்ச் சுவரில் மரச் சட்டத்தில் துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. அப்போது கேட்டது. மிக மெல்லிய, தாழ்ந்த ஒரு ஒலி. ஒரே சுருதியில் இல்லை. நாலைந்து பேர் வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் சட்டத்தின் பக்கத்திலிருந்து வந்தது. பூமிக்கடியில் சுரங்க மிஷின் ஓடுகிறது, அதிர்வில் திறந்த குழல்கள் ஒலிக்கின்றன என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் கையில் மயிர் சிலிர்த்தது அடங்கவில்லை.

தரையில் பெட்ஷீட் விரித்து ஒவ்வொன்றாக இறக்கினேன். வாய்வழித் துப்பாக்கிக்குக் குச்சியை விட்டேன். நாலு விரற்கடை குறைந்தது. எவரோ நூறு வருஷத்துக்கு முன் கெட்டித்துவிட்டு மறந்துபோனது. செல்வியை வெளியே போகச் சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சீட்டுக் கட்டி ஓரமாக வைத்தேன். ரிவால்வர் வெளிநாட்டு முத்திரை குத்திய உள்ளூர்ப் போலி. முத்திரை மழுங்கலாக, வார்ப்பிலேயே வந்திருந்தது. அசலில் அது குத்திய குழியாகத் தெரியும். ஒரு கைத்தடித் துப்பாக்கி, இரண்டு ஒற்றைக் குழல், ஒரு சின்ன ரைஃபிள். இவை ஆறிலும் கட்டையின்மேல் சந்தனமும் குங்குமமும் வருஷா வருஷம் வைத்து வைத்து ஓடுபோல் கெட்டித்திருந்தன. ஆயுத பூஜைக்கு வைப்பது. நகத்தால் சுரண்டினால் அடுக்கடுக்காக வந்தது.

ஏழாவது, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த இரட்டைக் குழல். அதில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

பூட்டைக் கழற்றினேன். உள்பக்கம், நான் பார்ப்பதற்கு முன்பே என் விரலுக்குத் தட்டுப்பட்டது, ஊசியால் கீறிய 'ச'. மயிலாப்பூர் வீடு, இரட்டைக் குழல், அந்த இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த கோணி எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன.

சத்தியமாகச் சொல்கிறேன், அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. இதுவரை கால் வைக்காத வீடு. அங்கே என் எழுத்து எனக்கு முன்னால் வந்து நாற்பது வருஷமாகக் காத்திருந்தது.

"அதுதான் மேடம்" என்று பின்னால் குரல் கேட்டது. பாஸ்கரன் வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்தார். "அதுலதான் எங்கண்ணன் ரகு போனான். அப்பாவும் அவனும் விடியக்காலைல பெருங்குடிச் சதுப்புல உள்ளான் குருவி சுடப் போயிட்டு வந்தாங்க. அப்பா துப்பாக்கிய அந்த மூலைல சாத்திட்டுக் குளிக்கப் போனார். ரகு குனிஞ்சு கால் சேறக் கழுவிட்டு இருந்தான். நான் இங்க, கட்டில் மேல."

"நீங்க..."

"தொடல மேடம். அன்னிக்கும் அதைத்தான் சொன்னேன். குதிரையை இறக்கித்தான் வெச்சேன்னு அப்பா சொன்னார். துப்பாக்கி நல்லாருக்கு, விசைய இழுக்காம விழாதுன்னு எழுதி வந்துது. அப்புறம் யார் நம்புவாங்க?" மடங்கிய விரலைப் பார்த்துக்கொண்டார். "அம்மா இந்த விரலையே பாத்துட்டு இருப்பாங்க. அதனால மடக்கி வெச்சேன். அப்புறம் அது நிமிரவே இல்ல. இப்பல்லாம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மேடம். தொட்டேனோ என்னவோ. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். தொட்டேனா இல்லையான்னு மட்டும் அம்மா இருக்கும்போதே தெரிஞ்சா போதும்."

அந்த ரிப்போர்ட்டை டைப் அடித்தவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளை மறுநாள் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை கடைப் பரண்மேல் ஏறினேன். பட்டறைச் சீட்டுப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மூன்றாவது கட்டில் கிடைத்தது. என் பழைய கையெழுத்து, சின்னச் சின்ன உருண்டை எழுத்து: "இரட்டைக் குழல். இடது பூட்டுப் பள்ளத்தில் காய்ந்த சேறு, கோரைத் துணுக்கு. நீக்கப்பட்டது." அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பள்ளத்தில் சேறு அடைத்திருந்தால் பல் எப்படி முழுசாக உட்காரும்? விளிம்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கும், தெருவில் ஒரு லாரி போகிற அதிர்வுக்கே நழுவிவிடும். வலது குழலைச் சுட்டுவிட்டு இடதை நிறுத்தியபடியே மறந்து வருவது வேட்டைக்குப் போகிறவர்கள் செய்கிற தப்பு. இருபத்து மூன்று வயதில் நான் இரண்டு கட்டைவிரல் போட்டு இழுத்த குதிரையைப் பதினொரு வயதுக் குழந்தை எந்த விரலால் இழுத்து நிறுத்தியிருக்கும்? இது எதுவும் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லையே! அடிப்பாவி, நீ துடைத்தது சேற்றை இல்லை, அந்தப் பையன் சொன்ன உண்மையை.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். புத்தகத்தை மூடித் திரும்பப் பரணில் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். யாருக்குத் தெரியும்? இன்னும் இரண்டு மாதத்தில் மாலை போட்டு வழியனுப்பப் போகிறார்கள். ஒரு கப் காபி குடித்து முடிக்கிற நேரம் அந்த யோசனை என்னோடு இருந்தது. பிறகு சம்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு பெருங்குடிக்குப் பஸ் ஏறினேன். சதுப்பின் ஓரம் ரோட்டிலிருந்து இறங்கிச் சேறும் இரண்டு கோரைத் தாளும் எடுத்தேன். பைக்கில் போன ஒருவன் நின்று, "இன்னா ஆண்ட்டி, மூலிகையா?" என்றான். "ஆமாம்பா, நாப்பது வருஷ வியாதிக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் பகல் மூன்று மணிக்கு மயிலாப்பூர் வீட்டுக்குப் போய் முதலில் சீட்டைப் படித்துக் காட்டினேன். ரிப்போர்ட் அடித்தது நான், சேற்றைத் துடைத்தது நான், அதை யாரிடமும் சொல்லாததும் நான் என்று சொன்னேன்.  

"சேறு இருந்தா குதிரை தானா விழுமா விழாதான்னு எனக்கே தெரியாதும்மா. பாத்துடலாம்" என்றேன்.

இடது பூட்டின் பள்ளத்தில் சேற்றை அப்பி, ஒரு கோரைத் துணுக்கை வைத்து, டேபிள் ஃபேன் முன்னால் காயவைத்தேன். குழலில் மருந்தில்லாத பொம்மைத் தோட்டாவைப் போட்டேன். முதல் முறை குதிரையை இழுத்ததும் என் கட்டைவிரலைத் தட்டிக்கொண்டு உடனே விழுந்தது. இரண்டாவது முறை கெட்டியாக நின்றுவிட்டது, குலுக்கினாலும் அசையவில்லை. சேற்றைச் சுரண்டி மறுபடி அப்பினேன். மூன்றாவது முறை இழுத்தபோது 'க்ளிக்' என்ற முழுச் சத்தம் வரவில்லை. பாதிச் சத்தம்தான் வந்தது. கையை மெதுவாக எடுத்தேன். நின்றது.

அதே மூலையில், அன்றைக்குச் சாத்தியிருந்தபடி சாத்தி வைத்தோம். பாஸ்கரனைக் கட்டில்மேல் உட்காரச் சொன்னேன். அம்மாவின் நாற்காலியைச் செல்வி வாசலுக்கு இழுத்து வந்தாள். நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். துப்பாக்கிக்கு ஆறடிக்குள் யாரும் இல்லை.

காத்திருந்தோம். உள்ளே மருந்தில்லை என்று எனக்குத் தெரியும், நானே மூன்று முறை பார்த்தேன். ஆனாலும் அதன் வாய் இருக்கும் திசையைப் பார்க்க முடியவில்லை. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு காகம் ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து, உள்ளே பார்த்துவிட்டுப் போனது. கால் மணி ஆகியிருக்கும். ஒன்றும் நடக்காது, இந்த மனிதரை இன்னொரு முறை கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது தரை லேசாக நடுங்க ஆரம்பித்தது. மிஷின். சட்டத்தில் இருந்த குழல்கள் ஒவ்வொன்றாக முனகத் தொடங்கின. மூலையில் இருந்ததும் சேர்ந்துகொண்டது. அந்த ஒலி ஏறியது, நின்றது, மறுபடி ஏறியது.

டக்.

இடது குதிரை விழுந்திருந்தது. யாரும் அசையவில்லை. பாஸ்கரனின் இரண்டு கைகளும் முழங்கால்மேல் விரித்து வைத்தபடி இருந்தன. பதினொரு வயதுக் குழந்தையின் அழுகை அவரிடமிருந்து வந்தது. 

"அப்போ அவன் தொடலியா?" அம்மா என்னைத்தான் கேட்டார்.

"தொட்டிருக்கணும்னு அவசியமே இல்லம்மா. நிறுத்தி வெச்ச குதிரை தானா விழும். அதை நாம பாத்தோம். என்னால சத்தியமா சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான்."

"இறக்கி வெச்சேன்னாரே."

 அம்மா கூடத்துச் சுவரில் மாலையோடு இருந்த கணவரின் போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். ஆறு துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்தவர், ஏழாவதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தவர். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அவரோடு போய்விட்டது.

மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தேன். ஏழாவது வரிசையில், நிலை என்ற இடத்தில், "பள்ளத்தில் சேறு இருந்தால் இடது குதிரை தொடாமலே விழும். நேரில் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"இதை அன்னிக்கே எழுதியிருக்கலாமேம்மா" என்றார் பிறகு. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார். மன்னிச்சிடுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.  இனிமேல் வர வேண்டாம், மீதி வேலைக்குக் கடையிலிருந்து வேறு யாராவது வரட்டும் என்று மட்டும் சொன்னார். அது நியாயம்தான்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். செல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி, சொல்லப் போவதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தயாராக நின்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலை நேராகப் பார்த்தார்.

"பாஸ்கரா, அவங்களுக்கு ஆட்டோ புடிச்சுக் குடு."

அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "சரிம்மா" என்றார். செல்வி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

தெருமுனை வரை இருவரும் நடந்தோம். தகரத் தடுப்பைத் தாண்டி ஒரு ஆட்டோ வருவது தெரிந்தது. பாஸ்கரன் முன்னால் போய் வலது கையை உயர்த்தினார். மற்ற விரல்கள் எல்லாம் விரிந்தன, ஆட்காட்டி விரல் மட்டும் மடங்கியே இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். இடது கையால் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை. ஆட்டோ வந்து நின்றது.